காய்ச்சல் வருஷமும் கல்லறைக் கணக்கும்

யூபிலி மலர் என்று ஒன்றை எடுத்தால், அதில் கோயில் எழும்பிய வரலாறு இருக்கும். மணி எங்கிருந்து வந்தது, பீடம் எப்போது மாற்றப்பட்டது, எந்தப் பங்குத்தந்தை எத்தனை ஆண்டுகள் பணிபுரிந்தார் என்னும் விவரங்கள் இருக்கும். நன்கொடையாளர் பட்டியலும் தவறாமல் இருக்கும். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் ஒரு பங்கின் வரலாறு கட்டடங்களால் மட்டும் ஆனதன்று. திருமுழுக்குப் பதிவேட்டைப் போலவே அடக்கப் பதிவேடும் நம் வரலாறுதான். 1614ஆம் ஆண்டில் பாப்பரசர் ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், பங்குகள்தோறும் இறந்தோருக்கென ஒரு பதிவேடு வைக்கப்பட வேண்டுமென விதித்தது. அந்தப் பதிவேட்டை நம்மில் யாரும் விரும்பிப் புரட்டுவதில்லை. சொத்துத் தகராறோ வாரிசுச் சான்றிதழோ வந்தால்தான் அலமாரி திறக்கும்.

மலர்க் குழுவினர் நம்மிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டபோது, இந்த அலமாரியைத் திறக்கலாமே என்று தோன்றியது. காரணம் வேறொன்றுமில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு உயிர்ப்புப் பெருவிழா மக்களில்லாத கோயில்களில் நடந்தேறியது. திண்ணையில் முடங்கிக் கிடந்த அந்நாட்களில், "இதுமாதிரி ஒண்ணு எங்க பாட்டி காலத்துல வந்துச்சாம், காலையில ஒருத்தரைப் புதைச்சுட்டு வந்தா சாயங்காலம் இன்னொருத்தராம்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டோம். அவர்கள் சொன்னது 1918ஆம் ஆண்டின் காய்ச்சலை. அதே நாட்களில் வேறொரு பேச்சும் ஊரெங்கும் அடிபட்டது. "இந்த நோய் ஏழை பணக்காரன் பார்க்காது, எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார்கள். பிரசங்கத்திலும் கேட்டோம், தொலைக்காட்சியிலும் கேட்டோம், நாமும் சொன்னோம். அது எவ்வளவு தூரம் மெய் என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்க விரும்புகிறோம்.

பம்பாயிலிருந்து வந்த காய்ச்சல்

முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், 1918 மே மாதக் கடைசியில், பம்பாய்த் துறைமுகத்துக்கு ஒரு கப்பல் வந்தது. ஜூன் 10ஆம் நாள், துறைமுகக் காவலில் இருந்த ஏழு போலீஸ் சிப்பாய்கள் காய்ச்சலோடு மருத்துவமனைக்குச் சென்றனர். முதல் அலை அவ்வளவு கொடியதன்று. செப்டம்பரில் திரும்பி வந்த இரண்டாம் அலைதான் கூற்றுவனாக வந்தது. அக்டோபர் 6ஆம் நாள் ஒரே நாளில் பம்பாய் நகரில் 768 பேர் இறந்தனர். பம்பாயிலிருந்து புறப்பட்டதால் இதைப் பம்பாய்க் காய்ச்சல் என்றும் அழைத்தார்கள். ரயில் சென்ற வழியெல்லாம் அதுவும் சென்றது. விடுமுறையில் ஊர் திரும்பிய சிப்பாய்களும், தபால் பைகளைச் சுமந்தவர்களும், சந்தைக்குப் போய்வந்தவர்களும் அறியாமலே அதைச் சுமந்தார்கள்.

நம் ரிஷிவந்தியம் அப்போது தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. விழுப்புரம் மாவட்டம் 1993ல் பிறந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டமோ 2019ல்தான் பிறந்தது. மறைமாவட்டக் கணக்கில் நாம் புதுச்சேரி மேற்றிராசனத்து மக்கள். ரயில் திருக்கோவிலூரோடு நின்றுவிடும், அதற்கப்பால் மாட்டுவண்டிதான். ஆனால் வண்டிப்பாதை காய்ச்சலுக்குத் தடையாக இருக்கவில்லை. சென்னை ராஜதானியில் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் சாவு உச்சத்தில் இருந்தது. ஆறுதலாகச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. பம்பாய், மத்திய மாகாணங்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் சென்னை ராஜதானி தப்பியது என்றே சொல்ல வேண்டும். அதிலும் பல்லாரி போன்ற வறண்ட தக்காணத்து ஜில்லாக்கள் பட்ட பாட்டைத் தெற்கே நாம் படவில்லை.

நாடு முழுவதும் எத்தனை பேர் இறந்தனர்? இந்த எளிய கேள்விக்கு விடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் அரசாங்கத்தின் சுகாதார ஆணையர் நார்மன் ஒயிட் 60 லட்சம் என்றார். 1921ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு வந்தபோது அது ஒன்றேகால் கோடிக்கு மேல் உயர்ந்தது. 1951ல் கிங்ஸ்லி டேவிஸ் என்னும் அறிஞர் ஒரு கோடியே 85 லட்சம் என்றார். 2012ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒரு கோடியே 39 லட்சம் என்கிறது. 60 லட்சத்துக்கும் ஒரு கோடியே 85 லட்சத்துக்கும் இடையே ஒரு கோடிக்கு மேற்பட்ட மனிதர்கள் ஊசலாடுகிறார்கள். அவர்கள் பிறந்ததை யாரேனும் எங்கேனும் கொண்டாடியிருப்பார்கள். இறந்ததை எழுதி வைக்க ஆளில்லை. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911ல் 25 கோடியே 21 லட்சமாக இருந்த மக்கள் தொகை, 1921ல் 25 கோடியே 13 லட்சமாகக் குறைந்தது. மக்கள் தொகைக் கணக்கு தொடங்கிய நாள்முதல் இந்நாடு சுருங்கிய பத்தாண்டு அது ஒன்றுதான்.

தண்ணீர் கொடுக்க ஓர் ஆள்

காய்ச்சல் தனியாக வரவில்லை. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை நாட்டின் பெரும்பகுதியில் பொய்த்தது. போரினால் கப்பல்கள் கிடைக்கவில்லை. பர்மா அரிசிக்கும் கட்டுப்பாடு. தானிய விலை ஏறிக்கொண்டே போயிற்று. 1918 செப்டம்பரில் சென்னைப் பட்டினத்திலேயே கடைகள் சூறையாடப்பட்டன. சரியாக அந்த மாதத்தில்தான் இரண்டாம் அலையும் வந்து சேர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம் பகுதியோ மானாவாரிப் பூமி. கோமுகி அணையும் மணிமுத்தா அணையும் அக்காலத்தில் இல்லை. கம்பும் கேழ்வரகும் வரகும்தான் சாப்பாடு. நெல் என்பது ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ளவர்கள் வீட்டுச் சங்கதி. காசு தரும் பயிர் மல்லாட்டை. தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டு மார்சேய் பட்டினத்துக்குப் போய் எண்ணெயாகும். போர் மூண்டதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. நிலமுள்ளவர் கையில் பணமில்லை என்றால் அவர் கடன் வாங்குவார்; அல்லது குதிரில் இருப்பதைத் தின்பார். அவரிடம் படியாளாக இருந்தவன் என்ன செய்வான்? அவனுக்குக் கூலியே தானியமாகத்தான் அளக்கப்பட்டது. வேலைக்குப் போனால் படி, படுத்துவிட்டால் படியில்லை. காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தால் பத்து நாளும் அடுப்பு எரியாது.

இந்த இடத்தில் நோயின் தன்மையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்ஃப்ளூயன்சா கிருமி பெரும்பாலோரை நேராகக் கொல்லவில்லை. அது நெஞ்சைப் பலவீனப்படுத்த, பின்னாலேயே நுழைந்த வேறு கிருமிகள் சளிக்காய்ச்சலை, அதாவது நிமோனியாவை உண்டாக்கிக் கொன்றன. பெனிசிலின் 1928ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பொதுமக்கள் கைக்கு வந்ததோ 1940களில். எனவே 1918ல் ஜில்லா கலெக்டருக்கும் மருந்தில்லை, படியாளுக்கும் மருந்தில்லை. இந்த அளவில் "எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்பது சரியே.

ஆனால் மருந்தில்லாத நோயில் மனிதனைக் காப்பாற்றுவது எது? படுக்கை, போர்வை, வேளாவேளைக்குக் கஞ்சி, நாக்கு வறளாமல் தண்ணீர், அந்தத் தண்ணீரை வாயில் ஊற்ற நின்ற காலில் நிற்கக்கூடிய ஓர் ஆள். இவை இருந்த வீட்டில் பத்துப் பேர் படுத்தாலும் ஒருவரோ இருவரோதான் போனார்கள். இவை இல்லாத குடிசையில் நிலைமை வேறு. ஒற்றை அறை, ஒரே பாய், ஒரே நாளில் எல்லாரும் படுக்கை. ஊர்க்கிணற்றில் சேரி மக்கள் தண்ணீர் சேந்தக் கூடாது என்பது அன்றைய வழக்கம். யாராவது வந்து ஊற்றும்வரை குடத்தோடு காத்து நிற்க வேண்டும். இல்லையேல் குட்டையைத் தேடிப் போக வேண்டும். குடம் தூக்கும் பெண்ணும் படுத்துவிட்டால்? இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வேதத்தில் சேர்ந்த சேரிக்கும் சேராத சேரிக்கும் இதில் வேற்றுமை இருந்ததில்லை. கிணற்றடியில் யாரும் திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்கவில்லை.

பெண் என்று சொன்னோம். மற்ற நாடுகளில் அந்தக் காய்ச்சலில் பெரும்பாலும் ஆண்களே மிகுதியாக மாண்டனர். இந்தியாவில் பெண்கள் மிகுதியாக இறந்தனர். அதிலும் 20 முதல் 40 வயதுக்குட்பட்டவர்கள். கைக்குழந்தைக்காரிகள் என்று வைத்துக்கொள்ளலாம். அன்றைய சுகாதார அதிகாரிகளே இதற்குக் காரணம் எழுதி வைத்தனர். தனக்குக் காய்ச்சல் இருக்கும்போதே மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அடுப்பு வேலையும் அவள் தலையில்தான் விழுந்தன. கடைசியாகச் சாப்பிடுகிறவளும் அவளே. கடைசியாகப் படுக்கிறவளும் அவளே. தாய் போன வீட்டில் பால்குடிப் பிள்ளை எத்தனை நாள் தாங்கும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த கணக்கு.

மருத்துவரைப் பற்றி ஒரு வார்த்தை. அரசாங்க வைத்தியர்களில் பலர் போர்முனைக்குப் போயிருந்தனர். கிராமங்களில் முன்பும் வைத்தியர் இல்லாததால் அங்கே இது பெரிய மாறுதலாகத் தெரிந்திராது. நம் மேற்றிராசனத்தில் உழைத்த பிரெஞ்சுக் குருக்களில் பலரும் 1914ல் தங்கள் நாட்டுப் படைக்கு அழைக்கப்பட்டு விட்டனர். அவஸ்தைப்பூசுதலுக்குச் சுவாமியார் வந்து சேருமுன் எத்தனை கண்கள் மூடினவோ, உபதேசியார் சொன்ன செபத்தோடு எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்களோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

பம்பாய் நகரத்துக் கணக்கு

நம் ஊர்க் கணக்கைச் சாதிவாரியாக, தெருவாரியாக அன்று யாரும் எடுக்கவில்லை. ஆனால் பம்பாய் நகரில் எடுத்தார்கள். அங்கே டர்னர் என்னும் சுகாதார அதிகாரியின் அலுவலகம், இறந்தவர்களைச் சமூகவாரியாகப் பிரித்து எழுதியது. அந்தக் கணக்கைத்தான் உலகெங்கும் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை எடுத்துப் பேசுகிறார்கள். ஆயிரம் பேருக்கு இத்தனை பேர் என்ற விகிதத்தில், ஐரோப்பியர் 8.3 பேர் இறந்தனர். பார்சிகள் 9.0, ஆங்கிலோ இந்தியர் 11.9, யூதர் 14.8, இந்தியக் கிறிஸ்தவர் 18.4, சாதி இந்துக்கள் 18.9, முஸ்லிம்கள் 19.2. அதன் பிறகு ஒரு பெரும் பள்ளம். தாழ்ந்த சாதி இந்துக்கள் என்று அந்த ஏட்டில் எழுதப்பட்டவர்கள் 61.6.

கொஞ்சம் நின்று பார்ப்போம். ஆயிரத்துக்கு 61.6 என்றால் நூறு பேரில் ஆறு பேர். ஐரோப்பியரைப்போல் ஏழு மடங்குக்கு மேல். அடுத்த தெருவில் வாழ்ந்த சாதி இந்துக்களைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அதே ஊர், அதே காற்று, அதே கிருமி. குப்பை அள்ளியவர்களும் மூட்டை சுமந்தவர்களும் கக்கூசு கழுவியவர்களும் அந்த 61.6ல் இருந்தார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம், சில இடங்களில் இரண்டு குடும்பம் என்று சால்களில் அடைந்து கிடந்தவர்கள். காய்ச்சலோடு வேலைக்குப் போனவர்கள். பம்பாயில் அப்போது நல்ல மனம் கொண்ட சங்கங்கள் பல வேலை செய்தன. இதை மறைக்கக் கூடாது. பால் கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், தற்காலிக ஆஸ்பத்திரிகள் திறந்தார்கள். ஆனால் அவற்றில் பல ஒவ்வொரு சமூகத்தாரும் தம் மக்களுக்கென்று நடத்தியவை. தமக்கென்று பணக்காரச் சங்கம் இல்லாதவர்களுக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

இந்தியக் கிறிஸ்தவர் 18.4 என்ற எண்ணைப் பார்த்ததும் நம் மனத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நமக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணை உடைத்துப் பார்க்க வேண்டும். பம்பாய்க் கிறிஸ்தவர்களில் சொந்த வீடும் தோட்டமும் உள்ள பழங்குடிகள் இருந்தனர், குமாஸ்தாக்கள் இருந்தனர், கோவாவிலிருந்து வந்த சமையற்காரர்களும் கப்பற்காரர்களும் இருந்தனர். எல்லாரையும் ஒரே கூடையில் போட்டு 18.4 என்று எழுதினால், கூடையின் அடியில் இருப்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். நம் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கரில் பெரும்பகுதியினர் ஆதிதிராவிட மக்கள் என்பது நாமறிந்ததே. "கிறிஸ்தவர்" என்ற ஒரே சொல்லுக்குள் ஊரும் சேரியும் சேர்ந்து மறைந்துவிடுகின்றன. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவ ஆதிதிராவிடரைப் பட்டியல் சாதியில் சேர்க்காமல் விட்டதால், சுதந்திர இந்தியாவின் புள்ளிவிவரங்களிலும் அதே மறைவு தொடர்ந்தது.

இப்படி உடைத்துப் பார்த்தவர்கள் வெளிநாட்டில் உண்டு, அதுவும் பங்குவாரியாக. நார்வே நாட்டில் கிரிஸ்தியானியா நகரில் (இன்றைய ஓஸ்லோ) இரண்டு பங்குகளை ஓர் ஆராய்ச்சியாளர் எடுத்துக்கொண்டார். ஒன்று செல்வர் வாழ்ந்த புரோக்னர். மற்றது தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த குரோன்லாந்து. 1918ல் அங்கேயும் "நோய் எல்லாருக்கும் பொது" என்றுதான் பேசிக்கொண்டார்கள். வீட்டில் எத்தனை அறை என்பதையும் சாவையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, அறை குறையக் குறையச் சாவு கூடியது. அங்கே சாதி கிடையாது. எல்லாரும் ஒரே நிறம், ஒரே மொழி, ஒரே லுத்தரன் சபை. எனவே இதை நம் நாட்டுக்கு மட்டுமே உரிய வியாதி என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டில் அறையின்மையோடு கிணற்று வழக்கமும் சேர்ந்துகொண்டது, அவ்வளவே.

எழுதப்படாத சாவு

பம்பாய் நகரில் எண்ணினார்கள். கிராமத்தில் யார் எண்ணினார்கள்? சென்னை ராஜதானியில் பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று 1899ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. கிராமத்தில் அந்தப் பதிவேடு மணியக்காரர் என்று நாம் சொல்லும் கிராம முன்சீப் கையில். அவர் ஊரில் இருப்பார். சேரி ஊருக்கு வெளியே. சேரியில் விழுந்த சாவு அவர் காதுக்கு எட்டுவது தலையாரி வழியாகவோ வெட்டியான் வழியாகவோதான். வெட்டியானே படுத்துவிட்ட வாரங்களில் யார் போய்ச் சொல்வது? மணியக்காரரே படுத்துவிட்டால் யார் எழுதுவது? காய்ச்சல் உச்சத்தில் பதிவு வேலையே சீர்குலைந்தது என்பதை 1921ஆம் ஆண்டு மக்கள் தொகை அறிக்கை ஒப்புக்கொள்கிறது.

எழுதியவற்றிலும் ஒரு சிக்கல். அந்தப் பதிவேட்டில் காலரா, பெரியம்மை என்பவற்றுக்கு இடமுண்டு. மற்றபடி எந்தக் காய்ச்சலானாலும் "ஜுரம்" என்ற ஒரே பத்தியில் போய் விழும். எனவே இன்ஃப்ளூயன்சாவில் இறந்தவர் எத்தனை என்று தெரிந்துகொள்ள, முந்தைய ஆண்டுகளில் ஜுரத்தில் இறந்தவர் சராசரியைக் கழித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. கழித்து வந்த மீதிதான் காய்ச்சல் வருஷத்துச் சாவு. ஒரு தலைமுறையின் துக்கம் கழித்தல் கணக்கில் வந்த மீதியாக நிற்கிறது. எத்தனை வேளை பட்டினி கிடந்து அந்த ஜுரத்துக்கு இரையானான் என்பதற்கோ எந்த ஏட்டிலும் பத்தி இல்லை.

கடல் கடந்தவர்களையும் நினைக்க வேண்டும். தென்னார்க்காட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் கங்காணி பின்னால் சென்றவர் பலர். இலங்கையில் அந்தக் காய்ச்சலால் மக்கள் தொகையில் நேர்ந்த இழப்பு சுமார் மூன்று லட்சம் என்று அண்மை ஆராய்ச்சி கூறுகிறது. தோட்டத்து லயங்களின் வரிசை அறைகளைப் பார்த்தவர்களுக்குப் பம்பாய்ச் சால் ஒன்றும் புதிதாகத் தோன்றாது. ஊரிலிருந்து போன மகன் திரும்பவில்லை, கடிதமும் வரவில்லை, "கண்டிச் சீமையிலே செத்தான்" என்ற ஒரு வரியோடு அவன் கதை முடிந்துவிட்டது.

நிற்க. இனி நம் காலத்துக்கு வருவோம்.

நம் காலத்தில்

நூறு ஆண்டுகளுக்குப் பின் கொரோனா வந்தபோது மருந்துண்டு, பிராணவாயு உண்டு, தடுப்பூசியும் 2021ல் வந்துவிட்டது. இருந்தும் பழைய கதையின் சாயல் தெரியாமலில்லை. 2020 மே மாதத் தொடக்கத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையில் நோய் பரவி, அங்கே மூட்டை தூக்கியவர்கள் லாரி பிடித்தும் நடந்தும் விழுப்புரம், கடலூர், அரியலூர் எனத் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினார்கள். சந்தையில் காய்கறி வாங்கியவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார். இறக்கியவர் நோயையும் சேர்த்துச் சுமந்தார். ஊர் வந்ததும் அவர்களைப் பள்ளிக்கூடத்தில் தனியே வைத்தபோது நம்மில் சிலர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் அஞ்சினோம். அதை இங்கே சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகும்.

2021 மே மாதம் இரண்டாம் அலை வந்தபோது கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் திறக்கப்படவில்லை. அது திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12ஆம் நாள். மூச்சுத் திணறல் முற்றினால் முண்டியம்பாக்கத்துக்கோ, சேலத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ போக வேண்டும். ரிஷிவந்தியத்திலிருந்து அவ்வளவு தூரம் காரில் போக முடிந்தவர்கள் உண்டு. 108க்கு அழைத்துவிட்டு வாசலில் காத்திருந்தவர்களும் உண்டு. மேற்கே கல்வராயன் மலைக்கு இன்னும் கடினம். அங்கே ஜாகீர்தார்களின் ஆதிக்கம் ஒழிந்ததே 1976ல்தான். வெள்ளிமலையை விட்டுக் கொஞ்சம் தள்ளினால், இறங்கி வருவதே ஒரு நாள் பிரயாணமான குக்கிராமங்கள் இருந்தன.

நாட்டின் மொத்தக் கணக்கைப் பற்றி இன்றும் தகராறுதான். 2021 முடிய இந்தியாவில் கொரோனாவால் இறந்தவர் 4 லட்சத்து 80 ஆயிரம் பேர் என்பது அரசுக் கணக்கு. வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட மதிப்பீடு. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. 1918க்கும் இதற்கும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள். 2024ல் மற்றோர் ஆராய்ச்சி வந்தது. தேசியக் குடும்பநல ஆய்வில் விவரம் தந்த ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் குடும்பத் தகவல்களைக் கொண்டு, 2019க்கும் 2020க்கும் இடையே நம் மக்களின் சராசரி ஆயுள் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிட்டார்கள். மொத்தத்தில் 2.6 ஆண்டுகள். உயர்சாதி இந்துக்களுக்கு 1.3, பட்டியல் சாதியினருக்கு 2.7, பழங்குடியினருக்கு 4.1; முஸ்லிம்களுக்கு 5.4. ஆண்களுக்கு 2.1 என்றால் பெண்களுக்கு 3.1. மத்திய சுகாதார அமைச்சகம் இந்த ஆய்வு முறையே தவறென்று மறுத்திருக்கிறது. அதையும் சொல்ல வேண்டியது நம் கடமை. ஆயினும் எண்கள் நிற்கும் வரிசையைப் பார்த்தால் 1918ஆம் ஆண்டுப் பம்பாய் ஏடு நினைவுக்கு வராமல் போகாது. பெண்களின் எண்ணும் அப்படியே. பட்டியலில் கிறிஸ்தவ ஆதிதிராவிடர் எங்கே என்று தேடினோம். அவர்களுக்கென்று தனி வரி இல்லை.

எண்ணில் சேர்வதும் சேராததும் வெறும் ஏட்டுச் சங்கதியன்று. 2021ல் உச்சநீதிமன்றத் தீர்ப்பையொட்டி, கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணம் வழங்கப்பட்டது. அதற்குச் சோதனைச் சீட்டோ மருத்துவச் சான்றோ வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்தவர் வீட்டில் காகிதம் இருந்தது. குடிசையில் மூச்சுத் திணறி இறந்தவர் வீட்டில் என்ன காகிதம் இருக்கும்? கொரோனா என்று வெளியே தெரிந்தால் அடக்கத்துக்கு நாலு பேர் வரமாட்டார்கள் என்று அஞ்சி, "நெஞ்சுவலி" என்று சொல்லிவிட்ட வீடுகளையும் நாம் அறிவோம். அன்று மானத்துக்காகச் சொன்ன சொல், பிறகு மனுவோடு தாலுகா ஆபீசு வாசலில் நின்றபோது எதிரே வந்து நின்றது.

கல்லறையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறோம். 1745ஆம் ஆண்டில் புதுச்சேரிக் கோயிலுக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர், சேரிக் கிறிஸ்தவர்கள் முறையிட்டதன்பேரில் இடிக்கப்பட்ட செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கோயிலுக்குள் சுவர் போயிற்று. தமிழ்நாட்டின் சில இடங்களில் கல்லறைத் தோட்டத்துச் சுவர் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நின்றது. சுவரில்லாத இடங்களிலும் வாய்க்காலோ வேலியோ அந்த வேலையைச் செய்தது. ஒருபக்கம் பெயரும் தேதியும் வெட்டிய கல் இருக்கும். மறுபக்கம் நட்டது மரச்சிலுவை. மரச்சிலுவையைக் கறையான் இரண்டு மூன்று மழைக்காலத்தில் தின்றுவிடும். எனவே கல்லறைக்குப் போய்க் காய்ச்சல் வருஷத்தைத் தேடினால், ஒருபக்கத்துச் சாவுதான் கண்ணில் படும். மறுபக்கத்துக்கு ஏட்டை விட்டால் வேறு சாட்சியில்லை. ஏட்டில் விடுபட்டிருந்தால் பாட்டி சொன்ன கதையை விட்டால் வேறு சாட்சியில்லை.

ஆகவே இம்மலரை முன்னிட்டு ஒரு சிறு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். உபதேசியாரிடம் நீளவாட்டில் கோடு போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் பெயர், தகப்பன் பெயர், வயது, தெரு, இறந்த ஆண்டு, எப்படி இறந்தார் என்று ஆறு பத்திகள். காய்ச்சல் வருஷத்தில் இறந்ததாக வீட்டில் சொல்லக் கேட்டவர்களையும், 2020, 2021 ஆண்டுகளில் இறந்தவர்களையும் எழுதிக்கொள்ளலாம். காகிதம் வேண்டியதில்லை, வாய்மொழியே போதும். பெயர் தெரியாமல் "பெரிய தாத்தாவின் முதல் சம்சாரம்" என்று மட்டும் தெரிந்தாலும் அப்படியே எழுதலாம். குடும்பத்தில் மூத்தவர்களை, முக்கியமாகப் பெண்களை, கையோடு அழைத்து வர வேண்டுகிறோம். நடக்க இயலாதவர்கள் இருந்தால் சொல்லியனுப்பினால் போதும், நாமே வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்கிறோம். கல்லறைத் திருநாளன்று, நவம்பர் 2ஆம் நாள் மாலைப் பூசையில், அந்த நோட்டில் உள்ள பெயர்கள் தெருவாரியாக வாசிக்கப்படும். இதுவரை நிரம்பியிருப்பவை நாலு பக்கங்கள். அவற்றில் காலனித் தெருவின் பெயர்கள் அரைப் பக்கம்கூட வரவில்லை.